பம்பாயில் தமிழர் கடைத்தெரு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோயிலிலிருந்தோ சங்கத்திலிருந்தோ தொடங்குவது வழக்கம். குடமுழுக்கு நடந்த நாள், பள்ளிக்கூடம் திறந்த ஆண்டு, மன்றத்தின் முதல் தலைவர் பெயர் ஆகியவை கல்லில் பொறிக்கப்படுகின்றன. ஆண்டு மலரில் அச்சேறுகின்றன. இவை போற்றத்தக்கனவே. ஆயினும், ஊரைவிட்டுப் புறப்பட்டு அயல் நகரில் வந்திறங்கிய குடும்பம் எதுவும் முதல் நாளே சங்கத்தைத் தேடிச் சென்றிராது. பெட்டியை இறக்கி வைத்ததும் அது கேட்ட முதற் கேள்வி, "இங்கே புழுங்கலரிசி எங்கே கிடைக்கும்?" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளும் ஒரு வரலாறுதான். தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்கள் தத்தம் தெருக்களை நினைத்துக்கொண்டே கேட்கலாம். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் பம்பாய். அதன் பெயர் 1995ஆம் ஆண்டில் மும்பை என்று மாறிவிட்டது. பழைய செய்திகளைச் சொல்லுமிடத்துப் பழைய பெயரையே வழங்குவோம்.

பம்பாய்க்குத் தமிழர் செல்லும் வழியைத் திறந்துவிட்டது இருப்புப்பாதை. பம்பாயிலிருந்து தென்கிழக்கே வந்த பாதையும் சென்னையிலிருந்து வடமேற்கே சென்ற பாதையும் 1871ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் சந்தித்தன. ஐந்தாண்டுகள் கழித்துத் திருநெல்வேலிக்கும் இரயில் வந்தது. அதே 1876ஆம் ஆண்டில் தொடங்கி 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. ஒருபுறம் பசி, மறுபுறம் தண்டவாளம். வேலை தேடிப் புறப்பட்டவர் சிலர் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினர்; சிலர் பம்பாய்க்கு இரயிலேறினர்.

அவ்வாறு வந்தவருள் ஒரு பகுதியினர் தாராவியில் தங்கினர். தாராவி அந்நாளில் மாஹிம் கழியின் கரையில் கோலி மீனவர் வாழ்ந்த ஒரு சிற்றூர். சதுப்பு நிலம், நகரத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட இடம். கழிக்கு அக்கரையில் பாந்திராவில் இறைச்சிக் கூடம் இருந்தது. அங்கிருந்து தோல் வந்தது. தோல் பதனிடும் தொழிலை நகரம் தன் நடுவே வைத்துக்கொள்ள விரும்பவில்லை; ஒதுக்குப்புறமான தாராவியே அதற்கு இடமாயிற்று. அத்தொழிலில் கைதேர்ந்த திருநெல்வேலிச் சீமையின் முஸ்லிம்களும் ஆதிதிராவிட மக்களும் வந்து சேர்ந்தனர். பின்னர் நாடார் முதலிய பிறரும் வந்தனர். யாரும் விரும்பாத வேலையை, யாரும் விரும்பாத நிலத்தில் நின்று செய்து, சேற்றை மண்ணிட்டு மேடாக்கி அதன்மேல் குடியிருந்தவர்கள் இவர்கள்.

மாதுங்காவின் கதை வேறு. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்கு இடந்தந்தன என்று கண்ட அரசாங்கம், 1898ஆம் ஆண்டில் நகரச் சீரமைப்புக் கழகம் ஒன்றை நிறுவியது. அதன் திட்டத்தில் அகன்ற சாலைகளும் பூங்காக்களுமாக உருவான பகுதியே தாதர், மாதுங்கா. ஆங்கிலமும் கணக்கும் தட்டெழுத்தும் கற்று, இரயில்வே அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வணிகக் கம்பெனிகளிலும் குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தஞ்சை, திருநெல்வேலி, பாலக்காட்டுக் குடும்பங்கள் அங்கே குடியேறின. 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. 1952ஆம் ஆண்டில் ஷண்முகானந்த சபை உருவாயிற்று. அதன் பெரிய அரங்கம் 1963ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே சென்றுவிடலாம். ஆனால் இடையில் இருந்தது நிலத்தின் தொலைவு மட்டுமன்று. சாதியும் படிப்பும் சம்பளமும் ஊரில் போட்ட கோடுகளை இங்கேயும் போட்டன. ஒரே மொழி பேசியும், ஒரே பண்டிகையைக் கொண்டாடியும், இரண்டு தெருக்களும் ஒன்றையொன்று அறியாமலே நெடுங்காலம் வாழ்ந்தன. இதை மறைத்துப் பம்பாய்த் தமிழரின் வரலாற்றைச் சொல்லுவது உண்மையாகாது.

இனி, கடைக்குச் செல்வோம்.

புதிதாக வந்த குடும்பத் தலைவிக்கு முதல் இடர் அளவையில் வந்தது. ஊரில் அரிசியைப் படியால் அளந்தார்கள். காய்கறியை வீசையிலும் பலத்திலும் நிறுத்தார்கள். பம்பாயில் சேர் என்றார்கள், பாயலி என்றார்கள். சேர் என்ற பெயர் ஒன்றாயினும் அதன் எடை ஊருக்கு ஊர் வேறுபட்டது. படிக்கு எத்தனை சேர், வீசைக்கு எத்தனை சேர் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் விலை ஏற்றமா இறக்கமா என்று அறிய வேண்டியிருந்தது. 1957 ஏப்ரல் முதல் நாளன்று நயா பைசா வந்தது; 1958இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் கிலோகிராம் நாடெங்கும் பரவிற்று. அளவை ஒன்றானபோது அதிகம் மகிழ்ந்தவர் ஊர்விட்டு ஊர் வந்தவரே என்று சொல்லலாம்.

இரண்டாவது இடர் மொழி. ஆனால் காய்கறிக்காரியின் கூடைமுன் மராத்தி விரைவிலேயே படிந்துவிட்டது. கொத்துமல்லிக்குக் 'கோத்திம்பீர்' என்று பெயர். புடலங்காய்க்குப் 'பட்வள்' என்று பெயர். இவை காதுக்கு அவ்வளவு அந்நியமாக இல்லை. முருங்கைக்காய் 'சேவ்கா' ஆயிற்று. கறிவேப்பிலை 'கடிபத்தா' ஆயிற்று. புளி 'சிஞ்ச்' ஆயிற்று. அலுவலகத்திற்குச் சென்ற ஆடவர் ஆங்கிலத்தைக் கொண்டே காலம் தள்ளினர். எழுதப் படிக்க அதிகம் அறியாத தாய்மார்கள் மராத்தியும் இந்தியும் குஜராத்தியும் கலந்த பம்பாய்ப் பேச்சைக் கடைத்தெருவிலேயே கற்றனர். அயல் மக்களோடு நம் முதல் உடன்படிக்கையைச் செய்தவர்கள் அவர்களே. அந்த உடன்படிக்கை ஒரு கட்டுக் கீரைக்கு மேல் ஒரு பிடி கறிவேப்பிலை கொசுறு வாங்கியதில் தொடங்கிற்று. வரலாற்று நூல்களில் அவர்களுக்கு இடமில்லை.

மூன்றாவது இடர் காப்பி. பம்பாய் தேநீருக்குப் பழகிய ஊர். ஈரானியர் உணவகங்களில் தேநீரும் ரொட்டியும் பேர்பெற்றவை. நமக்கோ விடியற்காலையில் வடிகட்டிய காப்பி இல்லாமற் பொழுது விடியாது. ஆகவே மாதுங்காக் கடைத்தெருவில் காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகள் எழுந்தன. 'மைசூர் கன்சர்ன்ஸ்' போன்ற கடைகளின் வாசலில் எழும் மணம் இன்றும் வழிப்போக்கரை நிறுத்துகிறது. காப்பிப்பொடிக் கடையை அடுத்து அப்பளமும் வடகமும் விற்கும் கடை. அதை அடுத்து வாழையிலையும் மாவிலையும் தொடுத்த மல்லிகையும் கதம்பமும் விற்கும் பூக்கடை. அதை அடுத்துப் பஞ்சாங்கமும் தோத்திரப் புத்தகமும் குத்துவிளக்குத் திரியும் விற்கும் கடை. நகரின் எந்த மூலையிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள், நவராத்திரிக்கோ திருமணத்திற்கோ பொருள் வாங்க இங்கே வருவது வழக்கமாயிற்று. ஒரு நாள் இரயிலேறி மாதுங்காவுக்குப் போய்வருவது பாதி ஊருக்குப் போய்வந்ததற்கு ஒப்பாயிற்று.

குடும்பமின்றித் தனியே வந்த இளைஞர் பலர் ஓர் அறையில் நால்வரும் ஐவருமாகத் தங்கினர். அவர்களுக்கு அன்னமிட்டவை மெஸ்களும் போஜனசாலைகளும். மாதுங்கா இரயில் நிலையத்தருகே 1942ஆம் ஆண்டில் அ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதை நடத்தியவர் தமிழரல்லர். கன்னடக் கடற்கரையிலிருந்து வந்தவர். பம்பாய்க்காரர் கண்ணுக்குத் தமிழரும் கன்னடரும் மலையாளியரும் தெலுங்கரும் ஒருவரே. எல்லோருக்கும் 'மதராஸி' என்று ஒரே பெயர் வைத்தனர். அப்பெயரில் சிறிது அறியாமையும் சிறிது ஏளனமும் கலந்திருந்தன. ஆயினும் ஊரில் தனித்தனியே நின்ற நால்வரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது அந்தப் பெயர்தான்.

அடுத்து நாம் சொல்லவேண்டிய பொருள் பங்கீட்டு அட்டை. நம் கதையின் மையம் இதுவே.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் 1942ஆம் ஆண்டில் பர்மாவைக் கைப்பற்றினர். பம்பாய் உண்ட அரிசியில் ஒரு பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்ததாகும். அது நின்றது. 1943ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் உணவுப் பங்கீடு வந்தது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் அட்டை; அதில் தலைவர் பெயர், முகவரி, உண்பவர் எண்ணிக்கை. அரிசிக்கு வரம்பு கட்டி, மீதிக்குக் கோதுமையும் சிறுதானியமும் தந்தனர். மூன்று வேளையும் அரிசியை நம்பியிருந்த நம் வீடுகளில் அன்றுதான் சப்பாத்திக் கல்லும் உருட்டுக் கட்டையும் நுழைந்தன. கோதுமை ரவையில் உப்புமா கிண்டினர். கோதுமை மாவைக் கரைத்துத் தோசை வார்த்தனர். தென்னிந்தியர் வீட்டில் சப்பாத்தி இரவு உணவாகப் படிந்ததற்குக் கூறும் காரணங்களுள் இந்தப் பங்கீட்டுக் காலமும் ஒன்று. 1954ஆம் ஆண்டில் கட்டுப்பாடு தளர்ந்தது. 1960களின் வறட்சியில் மீண்டும் அட்டையும் வரிசையும் வந்தன.

வரிசையில் நின்றவருள் மாதுங்காக் குமாஸ்தாவின் மனைவியும் உண்டு. தாராவித் தோல் தொழிலாளியின் மனைவியும் உண்டு. இருவர் கையிலும் ஒரே வகை அட்டை. இருவர் பையிலும் ஒரே அரிசி, ஒரே கல். ஊரும் சாதியும் செய்யாத சமத்துவத்தைப் பஞ்சம் சிறிது காலம் செய்து காட்டிற்று.

தாராவியின் கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதுங்காவில் 'மளிகைக் கடை' என்றால், நெல்லைத் தமிழ் வழங்கும் தாராவியில் 'பலசரக்குக் கடை' என்பர். அங்கே கருப்பட்டி உண்டு, நல்லெண்ணெய் உண்டு, சுக்கும் திப்பிலியும் உண்டு, ஊர்க் கருவாடும் உண்டு. அன்றாடக் கூலி வாங்குவோர் அன்றாடம் வாங்கினர். கால் கிலோ அரிசியும் ஒரு சிறு பொட்டலம் பருப்பும் மடிப்பில் சென்றன. கையில் காசில்லாத நாளில் கடைக்காரரின் கணக்குப் புத்தகம் கைகொடுத்தது. வங்கி நுழையாத தெருவில் வங்கியாக இருந்தது அந்தப் புத்தகமே.

தாராவி வாங்கிய ஊர் மட்டுமன்று, விற்ற ஊருமாகும். பின்னிரவில் எழுந்து இட்டலி அவிக்கும் வீடுகள் அங்கே பல உள்ளன. விடியுமுன் அந்த இட்டலியும் வடையும் சட்டினியும் பெரிய அலுமினியப் பாத்திரங்களில் ஏறித் தலையிலும் சைக்கிளிலும் புறப்படுகின்றன. ஊதுகுழலை அழுத்தி ஒலியெழுப்பியபடி தெருத்தெருவாகச் செல்லும் அந்த விற்பனையாளரை மராத்தியரும் குஜராத்தியரும் 'அண்ணா' என்றே அழைக்கின்றனர். நம் உறவுச் சொல் ஒன்றை அயலார் நாவில் ஏற்றியவர்கள் அந்த இட்டலிக்காரர்களே.

தைத் திங்களில் தாராவியின் தொண்ணூறடிச் சாலையருகே பெண்கள் வரிசையாகப் பொங்கற்பானை ஏற்றும் காட்சி மும்பை முழுவதும் அறிந்த ஒன்று. பக்கத்திலேயே கும்பார்வாடா, சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் குடியிருப்பு. பானை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஒருவர் குடியேற்றம் மற்றொருவர் பண்டிகைக்குத் துணை நிற்பது பெருநகரின் இயல்பு.

செம்பூர் பிந்தி வளர்ந்தது. 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பிறகு பழைய வீடுகள் கைமாற 'பகடி' என்னும் பெருந்தொகை கேட்கப்பட்டது. மாதுங்காவில் இடம் கிடைக்காத இளங்குடும்பங்கள் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் நகர்ந்தன. 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் எழுந்தபோது, பொறியியலாளரும் விஞ்ஞானியரும் தொழில்நுட்பப் பணியாளருமாகத் தென்னாட்டவர் பலர் செம்பூரைச் சேர்ந்தனர். அவர்களுக்குப் பின்னே காப்பிப்பொடியும் வாழையிலையும் வந்தன. இசைச் சபையும் வந்தது. முருகன் கோயிலும் வந்தது. இங்கேயும் கடையே முன்னோடி.

எல்லா நாளும் இனிய நாளாக இருந்துவிடவில்லை. 1960ஆம் ஆண்டு மே முதல் நாள் மகாராஷ்டிர மாநிலம் உருவாயிற்று. தம் மாநிலத்தின் தலைநகரில் அலுவலக வேலைகளைப் பிறரே பெற்றுள்ளனர் என்ற மனக்குறை மராத்திய இளைஞரிடையே வளர்ந்தது. 1966ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் தோன்றிய சிவசேனை அதைத் தென்னிந்தியர்மீது திருப்பிற்று. உடுப்பி உணவகங்களும் தென்னிந்தியர் கடைகளும் தாக்கப்பட்டன. கண்ணாடி உடைந்த கடையைக் கண்டபோதுதான் நம்மவர் பலருக்கு ஒன்று விளங்கிற்று. நாம் இந்த ஊரில் வாழ்கிறோம் என்பது ஒன்று. இந்த ஊரார் என்று எண்ணப்படுவது வேறொன்று. மராத்தியரின் மனக்குறையில் வேலையில்லாத் துயரம் இருந்தது என்பதையும் நாம் மறுக்கலாகாது. அதற்காகக் கடையை உடைத்தது நியாயம் என்றும் கொள்ளலாகாது. உடைந்த கதவுகளை மறுநாள் சீர்செய்து கடையைத் திறந்தவர்களும் உண்டு; அங்கே வழக்கம்போல் இட்டலி தின்ன வந்த மராத்திய அண்டைவீட்டாரும் உண்டு. அந்த மறுநாட்களே நம்மை அங்கே நிலைநிறுத்தின.

இப்போது இன்றைய செய்திக்கு வருவோம். தோல் பதனிடும் தொழில் தாராவியைவிட்டு நீங்கிவிட்டது. பாந்திரா இறைச்சிக் கூடமும் 1970களில் தேவ்னாருக்கு இடம் மாறிற்று. அன்று ஒதுக்குப்புறமாக இருந்த சதுப்பு இன்று பெருநகரின் நடுவே விலைமதிக்க முடியாத நிலம். தாராவி முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடைபெறுகிறது. அதற்கென 2024ஆம் ஆண்டில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்னிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை மெய்ப்பிப்பவருக்குத் தாராவியிலேயே விலையின்றி வீடு. மெய்ப்பிக்க இயலாதவர் தாராவிக்கு வெளியே செல்ல வேண்டிவரும். இதுவே திட்டத்தின் நெறி.

எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? வாக்காளர் பட்டியல், மின்கட்டணச் சீட்டு, இவற்றோடு அந்தப் பழைய பங்கீட்டு அட்டை. பாட்டி அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று முத்திரை குத்தி வாங்கிய அட்டை இன்று பேரனின் வீட்டுக்குச் சான்றாகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுப் பத்திரம் வைத்திருப்போர் பழைய அட்டையைப் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டனர். தாராவியில் அதைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தகரப்பெட்டியின் அடியில் சாமிப் படத்தோடு வைத்திருக்கின்றனர். ஒரே வரிசையில் நின்று வாங்கிய ஒரே அட்டை ஒரு தெருவில் குப்பையாகவும் மறு தெருவில் உயிராகவும் ஆனது. பம்பாய்த் தமிழரின் இரு வேறு வரலாறுகளையும் இதைவிடத் தெளிவாக நாம் எடுத்துச் சொல்ல இயலாது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. அயல் மாநிலத்தில் வாழும் நாம் கோயிற் கல்வெட்டையும் சங்கத்தின் ஆண்டறிக்கையையும் காப்பதுபோல், கடையின் தடயங்களையும் காக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த பற்றுவரவுப் புத்தகம், பங்கீட்டு அட்டை, பாட்டி கையால் எழுதிய மாதச் சாமான் பட்டியல், முதன்முதலில் வாடகை கொடுத்த இரசீது ஆகியவை வீட்டில் இருந்தால் எறிந்துவிட வேண்டா. பாட்டி உயிரோடிருந்தால் ஒரு மாலைப்பொழுது அருகே அமர்ந்து, முதல் நாள் அரிசி எங்கே வாங்கினாள், யாரிடம் பேசினாள், எந்தச் சொல்லை முதலில் கற்றாள் என்று கேட்டு எழுதி வைப்போம். நம் பக்கத்துத் தெருவில் வேறு நிலையில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் பாட்டியிடமும் அதையே கேட்போம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது நம் வரலாறாகும்.

அரிசி வாங்கிய அட்டைதானே என்று எண்ணுவோர்க்குத் தாராவி மக்கள் விடை சொல்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்த ஊரில் தமக்குள்ள உரிமைக்கு அதைவிட மூத்த சாசனம் வேறில்லை.